ஐபீஸில் ஒரு கோட்டுக்கு எத்தனை மைக்ரான்? எம்.எஸ்சி. பிராக்டிகல் அனுபவம்

எம்.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு மாடல் பிராக்டிகலில், செம்பருத்தி மகரந்தத்தின் விட்டம் 597 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் தாளைப் பார்த்தார். தட்டில் இருந்த பூவை எடுத்து என் விரலில் லேசாகத் தட்டினார். மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டது. "அரை மில்லிமீட்டருக்கு மேலேன்னு எழுதியிருக்கியேம்மா. கசகசாவே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். இது அதுல பாதி இருக்கா, பாரு" என்றார்.

ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், தெரியும் அளவுகோலில் நான் எண்ணிய 58 கோடு சரிதான். 40எக்ஸ் ஆப்ஜெக்டிவில் (ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ்) அளந்துவிட்டு, ஒரு கோட்டுக்கு எத்தனை மைக்ரான் என்று 10எக்ஸுக்குக் கண்டுபிடித்து வைத்திருந்த மதிப்பால் பெருக்கிவிட்டேன். உண்மையான விடை 151 மைக்ரானுக்குப் பக்கம். அடுத்த இரண்டு வாரமும் மதியம் லேபில் உட்கார்ந்து, அந்த மதிப்பைக் கண்டுபிடிப்பதை மட்டும் பழகினேன். இந்தக் கேள்வி வரப்போகிற எல்லோருக்கும் அந்தப் பழக்கத்தைச் சொல்ல ஆசை.

முதலில் ஒரு சொல் குழப்பம். கருவிக்கும் மைக்ரோமீட்டர் என்றுதான் பெயர், அலகுக்கும் அதே பெயர். அதனால் அலகை இங்கே மைக்ரான் என்றே எழுதுகிறேன். ஆக்குலர் மைக்ரோமீட்டர் என்பது ஐபீஸுக்குள் கிடக்கும் வட்டக் கண்ணாடி. அதில் 100 பிரிவுகள் இருக்கும், சிலவற்றில் 50. அந்தக் கோடுகளுக்குத் தனியாக எந்த அளவும் கிடையாது. ஆப்ஜெக்டிவை மாற்றினால் மகரந்தம் பெரிதாகத் தெரியும், கோடுகள் அப்படியே நிற்கும். அளவு தெரிந்த ஒன்று கீழே இருந்தால்தான் மேலே இருப்பதற்கு மதிப்பு கிடைக்கும். அதுதான் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர்: ஒரு மில்லிமீட்டரை 100 பங்காகக் கீறிய ஸ்லைடு. ஒரு பங்கு 10 மைக்ரான்.

பலரும் திணறுவது அந்தக் கீறலைத் தேடும்போதுதான். ஸ்லைடின் நடுவில் சின்ன வட்டம் போட்டிருப்பார்கள், அதை ஒளிக்கு நேரே கொண்டுவாருங்கள். குறைந்த பெருக்கத்தில் தொடங்குங்கள். வெளிச்சம் அதிகமானால் மெல்லிய கோடு மறைந்துவிடும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டயாஃப்ரத்தைப் பாதிக்கு மேல் மூடுங்கள். முதல் நாள் எனக்கு இருபது நிமிடம் ஆனது, டயாஃப்ரத்தை மூடியதும் கோடுகள் சட்டென்று தெரிந்தன.

இரண்டு அளவுகோலும் தெரிந்ததும் ஐபீஸைத் திருப்பி இணையாக்குங்கள். இரண்டின் பூஜ்ஜியத்தையும் ஒன்றாக்குங்கள். அப்புறம் வலது பக்கம் போய், இரு கோடுகள் மறுபடி சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தைத் தேடுங்கள். முதலில் கிடைக்கும் இடத்தில் நின்றுவிடாதீர்கள். எங்கள் மைக்ரோஸ்கோப்பில் 40எக்ஸில் ஆக்குலரின் 4-ஆம் கோடு ஸ்டேஜின் 1-ஆம் கோட்டின் மேலேயே பொருந்துவதுபோலத் தெரிந்தது. அப்படி எடுத்தால் ஒரு கோட்டுக்கு 2.5 மைக்ரான். கடைசி வரை போய்ப் பார்த்தால் ஆக்குலர் 96-உம் ஸ்டேஜ் 25-உம் பொருந்தின. ஸ்டேஜ் 25 பங்கு என்றால் 250 மைக்ரான், அதை 96-ஆல் வகுத்தால் 2.6. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் அரை மைக்ரான் விலகலைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஆனால் 58 கோட்டுக்குப் பெருக்கினால் 145-க்கும் 151-க்கும் உள்ள இடைவெளியாகிவிடும். பெரிய பெருக்கத்தில் ஸ்டேஜ் கோடே தடிமனாகத் தெரியும், எப்போதும் அதன் இடது ஓரத்தையே பிடியுங்கள்.

10எக்ஸில் எனக்கு ஆக்குலர் 97, ஸ்டேஜ் 100-உடன் பொருந்தியது, ஆக 10.3. 10.3, 2.6 என்ற இந்த இரண்டு எண்களையும் பாருங்கள்: ஏறக்குறைய நான்கு மடங்கு. உங்கள் விடைகளிலும் அந்த விகிதம் வராவிட்டால் எங்கோ எண்ணியதில் பிழை. இன்னொரு சோதனையும் எனக்குப் பிடிக்கும். விலங்கியல் லேபில் மனித ரத்தப் பூச்சு ஸ்லைடு இருந்தால் வாங்கிப் பாருங்கள். சிவப்பணு சுமார் 7.5 மைக்ரான், 40எக்ஸில் மூன்று கோட்டை ஒட்டி வரவேண்டும்.

100எக்ஸுக்குப் போகும்போது கவனம். இதில் ஸ்லைடின் மேல் எண்ணெய்த் துளி விட்டு, லென்ஸை அதைத் தொடும்வரை இறக்க வேண்டும், மோதினால் ஸ்லைடு உடையும். பல லேப்களில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி ஆப்ஜெக்டிவை இறக்குங்கள். முடிந்ததும் எண்ணெயை லென்ஸ் தாளால் ஒற்றி எடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

ரெக்கார்டு நோட்டில் வெறுமனே "2.6" என்று எழுதி வைக்காதீர்கள். எந்த மைக்ரோஸ்கோப், எந்த ஐபீஸ், எந்த ஆப்ஜெக்டிவ் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மகரந்தம் ஒன்றை மட்டும் அளக்காமல் குறைந்தது பத்தை அளந்து சராசரி போடுங்கள்.

தேர்வு நாளில் எனக்கு வேறு மேசை கிடைத்தது. மனப்பாடமாக இருந்த 2.6-ஐ எழுதாமல், முதலிலிருந்து பார்த்தேன். 40எக்ஸில் ஆக்குலர் 100-உடன் ஸ்டேஜ் 25 பொருந்தியது. அந்த மைக்ரோஸ்கோப்புக்கு 2.5. வெளியிலிருந்து வந்த தேர்வாளரான எக்ஸ்டர்னல் என் மேசைக்கு வந்ததும் தாளைக்கூடப் பார்க்காமல் ஐபீஸில் கண் வைத்து, "எந்தக் கோட்டில் பொருத்தினாய், காட்டு" என்றார். ஸ்லைடு அப்படியே இருந்தது, காட்டினேன்.