திருமுக்கூடலில் 15 கட்டில்கள்

செங்கல்பட்டு தாண்டிக் காஞ்சிபுரம் சாலையில் பழையசீவரம் வரும்வரை மச்சானின் பேச்சு ஓயவில்லை. பொருளாதாரத்தில் எந்த நாடு எத்தனையாவது இடம், யாரிடம் எத்தனை போர்க்கப்பல், நிலாவில் யார் யார் இறங்கியாயிற்று என்று ஒரே கணக்கு. "ஒரு நாட்டைப் பெரிய நாடுன்னு வேற எதை வச்சு சொல்வே?" என்று என்னை வேறு கேட்டார். பின் இருக்கையில் அம்மா துளசி மாலை வாடாமல் இருக்க ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தப் பேச்சில் ஒட்டவில்லை. அவர் வந்தது வேண்டுதலுக்கு.

சித்திரையில் அம்மா 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது எதற்கு? வார்டு நடைபாதையில் விளக்கு எரியாது. ராத்திரி கழிப்பறைக்கு அழைத்துப் போகக் கைப்பேசி வெளிச்சம்தான். நான் கட்டிலுக்குக் கீழே செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்தேன். "எழுந்து நடந்துட்டா திருமுக்கூடல் பெருமாளுக்குத் துளசி மாலை சாத்தறேன்" என்று அங்கேதான் வேண்டிக்கொண்டார். அவர் பிறந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு, அதாவது பெருமாள் வேட்டைக்குப் புறப்படுகிற உற்சவத்துக்கு, இங்கே எழுந்தருள்வதையும், சுற்றுவட்டார ஊர்களின் பெருமாள்கள் வந்து சேர்ந்து ஐந்து பேராகச் சேவை தருவதையும் சின்ன வயதில் மணலில் உட்கார்ந்து பார்த்தவர்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்பதால்தான் ஊருக்கு இந்தப் பெயர். பாலத்தில் போகும்போது நாணலும் மணலும் அங்கங்கே கொஞ்சம் தண்ணீரும் தெரிந்தன. கோயிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சொல்லியனுப்பியதும் பட்டர் வந்து நடை திறந்தார். அப்பன் வெங்கடேசப் பெருமாள், நின்ற திருக்கோலம். காலடியில் பூமாதேவியும் மார்க்கண்டேயரும். பட்டர் தீபத்தை உயர்த்தியபோது அம்மா எதுவும் கேட்கவில்லை, மாலை சாத்துவதை மட்டும் கண்கொட்டாமல் பார்த்தார். தீர்த்தம், சடாரி, துளசி. கூட்டமில்லாத கோயிலில் பெருமாள் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். திருப்பதியில் இது கிடைக்காது, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் நான் அவர்களைப் பிராகாரச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போனேன். உண்மையில் எனக்கு இந்தக் கோயிலில் இரண்டாவது சன்னிதி அதுதான். வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 55 வரி. கங்கைகொண்ட சோழன் ராஜேந்திரனின் மகன் இவன். 1063-இல் பட்டத்துக்கு வந்து ஏழு வருடம்தான் ஆண்டான், அதிலும் பெரும்பகுதி சாளுக்கியரோடு சண்டை. வழக்கம்போல முதலில் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழ்பாட்டு: கூடல்சங்கமத்தில் சாளுக்கியர்மேல் அடைந்த வெற்றி, ஓடிய எதிரிகள், பிடித்த யானைகள். மச்சானுக்கு அந்தப் பகுதி பிடித்துவிட்டது. "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்றார்.

சரி, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொன்னேன். வயலைக்காவூர் என்ற ஊரின் வரியைக் கோயிலுக்குத் திருப்பிவிட்டு, அதில் எதற்கெதற்கு எவ்வளவு செலவு என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். கோயிலிலேயே வேதமும் இலக்கணமும் படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய். குடிக்கிற தண்ணீரில் ஏலமும் வெட்டிவேரும் போட வேண்டும். அதோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி. பெயர் வீரசோழன். 15 கட்டில்கள்.

வைத்தியர் ஒருவர், ஆலப்பாக்கத்துக்காரர், வருடத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். கலம் என்பது அந்தக் காலத்து நெல் அளவை. அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு ஆள், மருந்து காய்ச்சி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் எடுத்து ஊற்ற ஒருவர். நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. இருப்பில் இருக்க வேண்டிய தைலம், நெய், அரிதகி எனும் கடுக்காய் மருந்து வகைகள் என்று மருந்துகளின் பெயர்கள் இருபது வரை போகின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு செலவு: ஆதுலர் சாலையில் இரவு முழுக்க ஒரு விளக்கு எரிய எண்ணெய்.

அந்த இடத்தில் அம்மா என் தோளைப் பிடித்தார். "விளக்குக்கா?"

"ஆமாம்மா. தனியா எழுதியிருக்கு."

அவர் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சன்னிதியில் கூட அப்படி நெகிழ்ந்து நான் பார்க்கவில்லை.

மச்சான் சும்மா விடுவாரா. "இது வந்தவங்க போனவங்க எல்லாருக்கும் இல்லையே, கோயில் ஆட்களுக்கும் படிக்கிற பசங்களுக்கும்தானே?" என்றார். அது சரிதான். அதை மறைத்துப் பெருமை பேச எனக்கும் விருப்பமில்லை. ஆனால் நாட்டுக்கு அணி என்று ஐந்தைச் சொல்ல வந்த வள்ளுவர் பிணியின்மையை முதலிலும் செல்வத்தை இரண்டாவதிலும் வைத்தது எனக்கு இந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போதுதான் உறைக்கிறது. கூடல்சங்கமத்தில் பிடித்த யானைகளால் இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த எண்ணெய்க் கணக்கைப் படித்தால் மட்டும், ராத்திரி பயந்து கண் விழிக்கிற ஒரு பையனை எவரோ ஒருவர் அரசாங்கக் கணக்கில் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது. மச்சானிடம் இதைச் சொன்னேன். போர்க்கப்பலை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் கைப்பேசியை எடுத்து அந்தச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டார்.

வெளியே மதில் நிழலில் புளியோதரையைப் பிரித்து உட்கார்ந்தோம். அம்மா ரொம்ப நேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு நெல்லு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து 30 கலம், ஒரு காசு."

"வைத்தியருக்கு 90. இவங்களுக்கு ஆளுக்கு 15." ஆஸ்பத்திரியில் தினமும் அவர் உடம்பைத் துடைத்துவிட்ட ஆயாவுக்கு, கிளம்புகிற அன்று நான் கொடுத்த பணம் போதாது என்று அவருக்கு இன்னும் என்மேல் கோபம். "அன்னிக்கும் இப்படித்தானா" என்று சொல்லிவிட்டு, மீதிப் புளியோதரையை இலையில் மடித்துப் பட்டருக்கு எடுத்துப் போனார்.