பதினோரு எழுத்து

அந்தப் பலகையில் இருந்தது மொத்தம் பதினோரு ஜப்பானிய எழுத்து. 'தென்ஜி ஓ ஓயசுமி ஷிதே இமாசு.' காட்சிக்கு ஓய்வு விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். எழுதியது நான். நான் வேலை பார்க்கிற ஜப்பானிய ஜூவின் மூத்த பராமரிப்பாளர் எழுதச் சொன்னது நாலே எழுத்து: 'தென்ஜி ஷூர்யோ'. காட்சி முடிந்தது.

குரி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அந்தப் பலகையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குரி ஒரு கிழ நீர்நாய். எங்கள் ஆனைமலை ஓடைகளில் இருக்கிற அதே சின்ன இனம். பொள்ளாச்சியில் இருபத்து மூன்று வருஷம் இருந்தும் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஜப்பானுக்கு வந்து கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். பதினாலு வயது, இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. மல்லாந்து படுத்து நெஞ்சின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே இருக்கும். இந்த இனத்துக்கு நகம் கட்டை, விரல் நுனி சதைப்பற்றாக இருக்கும், சேற்றில் நண்டைத் தடவியே கண்டுபிடிக்கும். கண் போனாலும் கை போகவில்லை. கல் நழுவினால் பார்க்காமலே எட்டி எடுத்துவிடும்.

புது ஜோடி அக்டோபரில் வந்தது. வெயில் காலத்தில் முடிந்தவரை மிருகங்களை லாரியில் ஏற்றமாட்டார்கள். ஆண் ஒரு ஊரிலிருந்து, பெண் இன்னொரு ஊரிலிருந்து. காசு கைமாறாது, இனப்பெருக்கத்துக்காக ஒரு ஜூ இன்னொரு ஜூவுக்கு இரவல் கொடுப்பதுதான். கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் விட்டு ஒன்றின் வாசனையை ஒன்றுக்குப் பழக்குவதற்கு இங்கே 'ஓமியாய்' என்று பெயர். மனிதர்கள் பெண் பார்ப்பதற்கும் அதே சொல். ஆண் இடம் மாறிப் போனால் செய்தித்தாளில் 'முகோயிரி' என்று போடுவார்கள், அதாவது வீட்டோடு மாப்பிள்ளை. முதல் தடவை கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தேன்.

இந்த ஜோடியை எல்லோரும் அப்படிக் கொண்டாடியதற்குக் காரணம் உண்டு. 2019 நவம்பரிலிருந்து இந்த இனம், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு வியாபாரம் மூடியாகிவிட்டது. ஜப்பானில் நீர்நாய் வளர்க்கிற மோகம், தாய்லாந்திலிருந்து குட்டிகளைப் பயணப் பெட்டியில் ஒளித்துக் கடத்துகிற அளவுக்குப் போயிருந்தது. இனி உள்ளூரில் பிறந்தால்தான் உண்டு. எனவே பழைய குளத்தை மாற்றினார்கள். தரைக்கு வெப்பக் குழாய், உயரமான பாறை, பிரசவப் பெட்டி. கண்ணாடியில் கை குலுக்க ஒரு ஓட்டை இருந்தது. மீன் துண்டை நீட்டினால் உள்ளேயிருந்து குட்டிக் கை வந்து வாங்கிக்கொள்ளும். அதை அடைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. விடுமுறை நாளில் இருநூறு பேர் கையைத் தொடுவது எந்த மிருகத்துக்குத்தான் பிடிக்கும்?

குளம் ஒன்றுதான். ஜோடி இருக்கும் இடத்தில் அந்நிய ஆணை விட்டால் கடித்துக் குதறிவிடும். குரியின் துணை இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. ஆகவே குரி பின்கட்டுக்குப் போனது. பார்வையாளர் வராத பின்பக்க அறைகளுக்கு இங்கே ஆங்கிலப் பெயர்தான் புழங்குகிறது. எனக்கு எப்போதும் பின்கட்டு என்றே மனதில் வரும். ஹீட்டர், வெந்நீர்த் தொட்டி, கூழாங்கல் எல்லாம் இருந்தது. கண்ணாடி மட்டும் இல்லை.

கூட்டத்தில் நான்தான் வாதாடினேன். ஷூர்யோ என்பது சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுபடி முடிந்ததற்குப் போடுவது, உயிரோடு இருக்கிற ஒன்றுக்கு அதை எப்படி எழுதுவது என்று கேட்டேன். மூத்தவர் கோபப்படவில்லை. "குரி திரும்பக் காட்சிக்கு வராது. அது உங்களுக்கும் தெரியும்தானே?" என்றார். தெரியும். "அப்படி எழுதினால் ஜனங்கள் கவலைப்படுவார்கள்" என்றேன். பிரிவுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஓயசுமியே இருக்கட்டும், மென்மையாக இருக்கிறது" என்று முடித்துவிட்டார். ஒரு வெளிநாட்டுக்காரி ஜப்பானியச் சொல் விஷயத்தில் ஜெயித்த சந்தோஷம் எனக்கு. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலகையை லாமினேட் செய்தபோது மூலையில் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டது. அதற்காக இரண்டாவது தடவை எழுதினேன். அப்போதும் வேறு சொல் தோன்றவில்லை.

ஓயசுமி என்றால் விடுமுறை. ஓய்வு. இரவு தூங்கப் போகும்போது சொல்வதும் அதுதான். தமிழில் 'குரி ஓய்வு பெற்றது' என்று எழுதினால் பிரச்சினையே இல்லை. யாரும் எப்போது திரும்ப வேலைக்கு வருவார் என்று கேட்கமாட்டார்கள். ஜப்பானிய ஓயசுமி முடிந்தால் கடை திறக்கும், பள்ளிக்கூடம் திறக்கும்.

வழக்கமாக வருகிற பார்வையாளர் தாத்தா ஒருவர் அதைத்தான் கேட்டார். ஜூ 9.30க்குத் திறக்கும், அவர் 9.35க்குக் கண்ணாடியின் இடது ஓரத்தில் நிற்பார். வருஷ பாஸ், ஃப்ளாஸ்க், ஒரு மடக்கு நாற்காலி. கை குலுக்கும் ஓட்டை இருந்த காலத்திலும் அவர் கை நீட்டி நான் பார்த்ததில்லை. எண்பதை நெருங்குகிறவர், என்னை 'ஓனேசான்' என்பார், அக்கா. ஷிகோகு தீவில் கோச்சி பக்கம் பிறந்தவராம். ஜப்பானிய நீர்நாயைக் கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1979இல், அதே கோச்சியின் சுசாகியில். சுற்றுச்சூழல் அமைச்சகம் 'அழிந்துவிட்டது' என்று எழுதியது 2012இல். அந்தத் தகவல் பலகையும் என்னுடையதுதான், அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே.

நவம்பர் கடைசி. புது ஜோடி தண்ணீரில் துரத்திக்கொண்டிருந்தது. நான் இலை கூட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, குரியோட ஓயசுமி எப்போ முடியும்?"

"கொஞ்சம் வெயில் வந்ததும்..."

"ஆ. வெயில் வந்ததும்."

அவ்வளவுதான் பேச்சு. ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு தலையாட்டினார்.

இதை நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் முற்றுவினை சொல்லவே இல்லை. ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வரும், விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். வெயில் வந்ததும் வரும் என்று சொன்னேனா? வெயில் வந்ததும் பார்க்கலாம், வெயில் வந்ததும் மருத்துவர் முடிவு செய்வார் என்றும் இருக்கலாமே. இருக்கலாம். ஆனால் அவர் எதைப் போட்டு நிரப்புவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன்.

அமைச்சகமே 33 வருஷம் கழித்துத்தானே 'முடிந்தது' என்று சொன்னது என்று ஒரு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அபத்தம். அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். குரி என்னிடமிருந்து முப்பது அடி தள்ளி இருந்தது.

விதி இருந்தது, உண்மைதான். வெளியாட்கள் கிருமிநாசினித் தொட்டியைத் தாண்டக்கூடாது. வெளியிடாத படங்களைக் காட்டக்கூடாது. எனக்கோ வருஷா வருஷம் மார்ச்சில் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. ஆனால் என் கைப்பேசியில் பின்கட்டுக் குரியின் படங்கள் பதினேழு இருந்தன. ஹீட்டர் வெளிச்சத்தில் கல் உருட்டுகிற படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பினேன். பொள்ளாச்சியில் என் அம்மா பார்த்துவிட்டாள். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தாத்தா பார்க்கவில்லை.

குரியை முன்னால் வைத்தே இருந்திருக்கலாமா என்றால், அதுவும் தெரியவில்லை. ஹனாகோ யானை 1949இல் இரண்டு வயதில் தாய்லாந்திலிருந்து ஜப்பான் வந்தது. 1954 முதல் இனோகஷிரா பூங்காவில், 2016இல் 69 வயதில் சாகும்வரை ஜனங்கள் கண்முன்னேதான் இருந்தது. சிமென்ட் கொட்டிலில் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று உலகம் முழுக்கக் கையெழுத்து இயக்கம் நடந்தது. பார்க்க முடிகிற இடத்தில் இருந்ததும் ஒரு குற்றமாகத்தான் ஆனது. முதியோர் தினம் வந்தால் இங்கே பல ஜூக்களில் கிழ மிருகங்களுக்குப் பழத்தில் கேக் செய்து வைப்பார்கள். எங்கள் ஜூவில் அந்தச் செப்டம்பரில் குரிக்கும் வைத்தோம். அடுத்த மாதமே பின்கட்டு. இதை எழுதும்போதுதான் இரண்டும் அடுத்தடுத்த மாதம் என்று உறைக்கிறது.

பிப்ரவரியில், வெயில் வருவதற்கு முன்பே, சிறுநீரகம் கைவிட்டது. கூண்டில் வளரும் இந்த இனத்துக்கு அங்கே கல் கட்டுவது சகஜம். பலகையைக் கழற்றி இறப்பு அறிவிப்பை மாட்டினேன். பூ வைக்க ஒரு மேசை போட்டோம்.

தாத்தா வந்தார். படித்தார். என் பக்கம் திரும்பி, இடுப்பு வரை குனிந்து, 'ஓசெவா நி நாரிமாஷிதா' என்றார். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது குடும்பத்தார் நர்ஸிடம் சொல்வது அது. இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டீர்களே என்கிற மாதிரி. நன்றியாகவும் இருக்கலாம். இனி உங்களிடம் பேச்சில்லை என்பதையும் ஜப்பானில் அதே சொல்லை வைத்தே சொல்லிவிடலாம். அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. நானும் குனிந்தேன். அவரைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தேன், நிமிர்ந்தால் பார்க்க வேண்டியிருக்குமே என்று.

ஜூனில் புதுப் பெண் சினையானது. பிரசவம் வரை காட்சி கிடையாது, பலகை வேண்டும் என்றார் மூத்தவர். என்ன எழுத வேண்டும் என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அதே பதினோரு எழுத்தை எழுதினேன். முன்னால் 'பிரசவத்துக்காக' என்று சேர்த்தேன். இது நிஜமாகவே ஓய்வுதான், திரும்ப வரும், தப்பில்லை.

மறுநாள் 9.35க்கு அவர் வந்து நின்று படித்தார். எப்போது முடியும் என்று கேட்பார், ஆகஸ்டில் என்று சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை. நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு காப்பிபாரா என்கிற பெரிய கொறிவிலங்கின் கூண்டுப் பக்கம் நடந்தார்.