பேனாக்கத்தியோடு தொண்ணூறு நாள்

மேசை இழுப்பறையில் நான்கு மடக்குக்கத்திகள் கிடந்தன. எப்போதாவது எடுத்துத் திறந்து, மூடி, துணியால் துடைத்து, திரும்ப வைத்துவிடுவேன். அலகெல்லாம் கண்ணாடி மாதிரி. ஒன்றுகூட ஒரு பழத்தை நறுக்கியதில்லை. வீட்டுக்குப் பார்சல் வந்தால் டேப்பைக் கிழிக்க சாவியைத் தேடுவேன்! இந்தக் கூத்து ஒருநாள் எனக்கே உறைத்தது. சரி, 90 நாளைக்கு ஏதாவது ஒரு கத்தி பாக்கெட்டில் இருக்க வேண்டும், எதற்கெல்லாம் எடுக்கிறேன் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துவைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். நான்கில் எது என்னோடு தங்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

ஒரு விரலில் தட்டித் திறக்கும் நவீன வகை எதுவும் என்னிடம் இல்லை. நான்குமே நிதானமாகத் திறக்க வேண்டிய பழைய பாணிக் கத்திகள்.

நாள் 1 – 12: ஒப்பினெல் 8ஆம் எண்

பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்த கத்தி. 1897இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகளைப் பிரித்தார். 8ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ. பீச் மரப் பிடி, உள்ளே ஒரு கார்பன் ஸ்டீல் அலகு, கழுத்தில் திருகிப் பூட்டும் ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையம்கூட 1955இல்தான் வந்து சேர்ந்தது. இதைவிடக் குறைந்த பொருளில் கத்தி செய்ய முடியுமா என்று தெரியவில்லை. நான்கில் நன்றாக அறுப்பது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அலகு அவ்வளவு மெல்லிசு. ஆப்பிளுக்குள் இறங்குவது கைக்கே தெரியாது.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் மதியம் ஆப்பிள் நறுக்க எடுத்தேன். திறந்தால் கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, "என்ன சார், கத்தியெல்லாம்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்ளவில்லை. கத்தியின் அளவை நான் சென்டிமீட்டரில் யோசித்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்கள் வேறு கோலால் அளக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எட்டாம் நாள் என் புத்தி போன போக்கு: கத்தியை முழுசாகத் தண்ணீரில் முக்கிக் கழுவி, ஈரத்தோடு மடக்கி வைத்தேன். மறுநாள் திறக்கவே வரவில்லை. மரம் நீர் குடித்து உப்பி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இதற்கு சவோய்க்காரர்கள் பெயரிலேயே ஒரு வைத்தியம் இருக்கிறது. பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினால் அலகு துளி வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு இழுத்துவிடலாம். தட்டினேன், வந்தது. இரண்டு நாள் காற்றாட வைத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. அப்புறம் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

நாள் 13 – 19: ஹிகோனோகாமி

ஜப்பானின் மிகி நகரத்துச் சரக்கு. மடித்த தகட்டுப் பிடிக்குள் ஒரு அலகு. ஸ்பிரிங்கும் கிடையாது, பூட்டும் கிடையாது. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வேலைசெய்ய வேண்டும். விரல்தான் பூட்டு. பென்சில் சீவ இதற்கு இணையே இல்லை. ஒரே சீராக, சுருள் சுருளாக மரம் உரிந்து வரும். பாக்கெட்டில் மட்டும் சரிப்படவில்லை. சாவிக்கொத்து நெம்புகோலில் மாட்டி, ஒருநாள் அலகு அரை அங்குலம் திறந்தே இருந்தது. கையை விட்டபோது முனை தட்டுப்படாதது என் அதிர்ஷ்டம். ஏழாம் நாளோடு பேனா ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது, தினமும் வேலை செய்கிறது.

நாள் 20 – 31: விக்டோரிநாக்ஸ் கேடட்

நோட்டில் இந்தப் பன்னிரண்டு நாளுக்கு ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது. 84 மி.மீ. நீளம், வரிவரியான அலுமினியப் பிடி, கத்தி, நக அரம், டப்பா திறப்பான், மூடி திறப்பான். துருப்பிடிக்காது, இறுகாது, யாரையும் பயமுறுத்தாது. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897இல் பதிவுசெய்த ராணுவ அதிகாரிகள் கத்தியின் வம்சம், ஒழுங்குக்குக் கேட்க வேண்டுமா? குறை சொல்ல எதுவுமில்லை, எழுதவும் எதுவுமில்லை. ஒரே ஒரு கத்திதான் வைத்துக்கொள்வேன் என்பவர்களுக்கு இதைத்தான் கைகாட்டுவேன். ஆனால் வேலை இல்லாதபோது சும்மா கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

நாள் 32 முதல்: பார்லோ

இதைத்தான் கடைசியாக எடுத்தேன், இதுதான் தங்கிவிட்டது. பார்லோ என்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்த ஒரு வடிவம். பிடியின் தலைப்பக்கம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு உலோகக் கவசம், மீதிக்கு எலும்பு. அலகு சுழலும் இடத்தில்தான் பலம் வேண்டும் என்பதால் அவ்வளவு நீளக் கவசம். என்னுடையது ஒற்றை அலகு, கார்பன் ஸ்டீல், மூன்று அங்குலத்துக்கும் குறைவு.

பூட்டு இல்லை. பிடியின் முதுகில் ஓடும் ஒரு ஸ்பிரிங், அலகின் அடியில் இருக்கும் தட்டையான முகத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது. நகத்தைப் பள்ளத்தில் கொடுத்து இழுத்தால் முதலில் முரண்டு பிடிக்கும். பாதியில், செங்கோணத்தில், 'டக்' என்று ஒருமுறை நிற்கும். மீண்டும் இழுத்தால் 'டக்கென' முழுசாக விரியும். மூடும்போதும் அதே இரண்டு சத்தம். இந்த வகைக் கத்திப் பிரியர்கள் இதை 'வாக் அண்ட் டாக்' என்பார்கள், நடையும் பேச்சும். வாங்கும்போதே காதருகே வைத்துக் கேட்பவர்கள் உண்டாம் என்றபோது சிரித்தேன். இப்போது நானும் கேட்கிறேன்.

நாள் 35. விரலைக் கொடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் மூடியில் துளை போட முனையைக் குத்தி அழுத்தினேன். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமானாலும் அது பூட்டு ஆகிவிடாது. அலகு மடங்கி ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் இறங்கியது. பாதியில் நிற்கும் அந்த 'டக்' இல்லாவிட்டால் இன்னும் ஆழமாகப் போயிருக்கும். இரண்டு வாரம் பிளாஸ்டருடன் திரிந்தேன். இந்தக் கத்தியில் விசை எப்போதும் கூர்ப்பக்கம் நோக்கியே போக வேண்டும். குத்தக் கூடாது, நெம்பக் கூடாது. படித்துத் தெரிந்ததுதான், விரலுக்குத் தெரிந்தது அன்றைக்கு.

பூட்டு இல்லாதது குறையா என்றால், சில இடங்களில் அதுவே சௌகரியம். பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது, மடியக்கூடிய, பூட்டில்லாத, அலகின் கூர் 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மிகாத கத்திதான். ஒப்பினெலின் வளையம் அங்கே வம்பு. நாட்டுக்கு நாடு விதி வேறு, பாக்கெட்டில் போடுகிறவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நாள் 38 – 50. அலகின் நிறம் மாறத் தொடங்கியது. முதல் ஆப்பிளை நறுக்கிவிட்டுப் பேச்சுவாக்கில் துடைக்காமல் கால்மணி நேரம் வைத்திருந்தேன். பார்த்தால் நீல நிறத்தில் ஒரு மேகம், மயில் கழுத்து மாதிரி. பதறிப்போய்த் தேய்த்தேன், போகவில்லை. போகவும் வேண்டாம் என்று பிறகு தெரிந்தது. பழத்தின் அமிலமும் துவர்ப்பும் இரும்போடு சேர்ந்து உண்டாகும் படலம் அது. சிவப்புத் துரு மாதிரி உலோகத்தைத் தின்னாது, ஓரளவுக்குத் துருவைத் தள்ளியும் வைக்கும். எலுமிச்சை பட்ட இடம் வெளிறிய சாம்பல். தேநீர்க் கோப்பையைக் கிளறியது (ஸ்பூன் கிடைக்கவில்லை) கருநீலம். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த இந்தக் கருநீலம்தான் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் எழுதும் மையாக இருந்தது. பேனாக்கத்தி என்ற பெயரே இறகுப் பேனாவின் முனையைச் சீவிய கத்தி என்பதால் வந்தது. பேனாவைச் சீவிய கத்தியின் அலகில் இப்போது அந்த மையே ஊறி நிற்கிறது என்று நினைத்தபோது, அன்று இரண்டு ஆப்பிள் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நாள் 52. கூர் மழுங்கியது. காகிதத்தை வெட்டாமல் கிழித்தது. 1000 கிரிட் சாணைக்கல் வாங்கி வைத்து ஒரு வருஷம், தொட்டதில்லை. முதல் முயற்சி படுதோல்வி. முக்கால் மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை, முனை உருண்டதுதான் மிச்சம். ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் மணிக்கட்டைத் தூக்கியிருக்கிறேன்.

இரண்டாம் முறை கூர் விளிம்பு நெடுக மார்க்கர் மையைப் பூசிக்கொண்டேன். நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தால் மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் பட்டிருக்கிறது. எனக்கு விளிம்பிலேயே படவில்லை, அதற்கு மேலேதான் அழிந்திருந்தது. அப்புறம் ஒரு கணக்கு போட்டேன். அலகின் அகலம் 15 மி.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து சுமார் 4 மி.மீ. உயர்ந்திருந்தால் 15 டிகிரி. இரண்டு நாணயத்தை அடுக்கி அந்த உயரத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டு, நாணயத்தை எடுத்துவிட்டுத் தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் எதிர்ப்பக்கத்தில் பிசிறு எழுந்தது. கட்டைவிரலைக் கூரிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தால் நகத்தில் சின்னதாக இடறும். அது அடிமுதல் முனைவரை வந்த பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். பிறகு லேசான கையால் மாறி மாறி நாலு இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில், கூர் பின்னாலும் முதுகு முன்னாலும் போகும்படி, இருபது தடவை. செய்தித்தாளை நுனியில் பிடித்து அலகை வைத்தேன். சத்தமில்லாமல் இரண்டாகியது. கத்தி வாங்கிய அன்றுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை. உருண்ட முனை மட்டும் அப்படியே இருந்தது, அதுவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாள் 70. நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். நான்கு கத்திக்கும் சேர்த்து 163 முறை. பார்சலும் பாக்கெட்டும் 61, பழம் 44, நூல், துணி லேபிள் வகையறா 27, பென்சில் 19, இதர 12. வீரதீரம் எதுவும் இல்லை. இதரவில் ஒன்று, செருப்புக்குள் மாட்டிய முள். பாதிக்கு மேல் நான் தேடிப்போன வேலையே இல்லை, "அப்பா, கத்தி இருக்கா?" என்று மகள் கேட்டவை. முதல் மாதம் இதே பெண்தான் "எதுக்குப்பா இதெல்லாம்?" என்று முகம் சுளித்தாள்.

நாள் 74. எழுதவே மனமில்லாத நாள். விடிகாலை விமானம். அரைத்தூக்கத்தில் நேற்றைய கால்சட்டையையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதுகாப்புச் சோதனைத் தட்டில் சாவி, சில்லறை எல்லாவற்றையும் போடும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. பெட்டியை ஏற்கெனவே சரக்கில் போட்டாயிற்று, திரும்பிப் போக நேரமில்லை. சோதனை செய்தவர் திறந்து பார்த்தார், அலகைப் புரட்டினார், "பழைய கத்தி போல" என்றார். இல்லை, பாக்கெட்டுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது என்று சொல்ல வாய் வந்தது. அவர் கண்ணாடிப் பெட்டியில் போட்டார். உள்ளே ஏற்கெனவே ஏழெட்டுக் கிடந்தன. எல்லாம் சின்னக் கத்திகள், ஒன்றின் பிடி தேய்ந்து பளபளத்தது. அதைக் கொடுத்தவர் அன்று முழுக்க என்ன பாடுபட்டிருப்பார் என்று விமானத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

நாள் 75 – 84. கேடட்டோடு போனது. ஒழுங்காக வேலை செய்தது.

நாள் 85. அதே பார்லோ, அதே எலும்பு நிறம், புதிதாக வந்தது. அதே கத்தி இல்லை. ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கிறது, முதல் நாளே நகம் உடைந்தது. இப்போதைக்கு ஒரு நாணய விளிம்பால் கிளப்பித் திறக்கிறேன். 'டக்' சத்தமும் கொஞ்சம் உரக்க, பழக்கமில்லாதவர் பேசுகிற மாதிரி. சுழலும் இடத்தில் ஒரு துளி மினரல் ஆயில் விட்டு, டிவி பார்க்கும்போது நூறு தடவை திறந்து மூடினேன். வீட்டில் எல்லோரும் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார்கள்.

நாள் 90. மகள் ஆப்பிளோடு வந்தாள். கத்தியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப வெள்ளையா இருக்குப்பா" என்றாள். நறுக்கி முடித்ததும் துணியை எடுத்தேன். "துடைக்காதீங்க" என்று தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.