மழை லீவும் என் சம்பளமும்

நேற்று ராத்திரி கலெக்டரின் மழை விடுமுறை அறிவிப்பு வந்ததுதான் தாமதம், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நான் போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். நாளைக்கு நான்கு பீரியடு போச்சு.

ஊட்டியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இங்கிலீஷ் எடுக்கிறேன், வீடு குன்னூரில். "அது என்ன காலேஜும்மா?" என்று பக்கத்து வீட்டு அக்கா இன்னும் கேட்கிறார். சமுதாயக் கல்லூரி என்கிற இந்த ஏற்பாடு நாட்டிலேயே முதலாக 1995இல் புதுச்சேரியில் ஆரம்பித்தது. பிளஸ் டூவோடு நின்றுபோனவர்கள், நாலு வருஷம் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு மறுபடி படிக்க வந்தவர்கள், இவர்களுக்குக் கைத்தொழிலோடு ஒரு டிப்ளமோ. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஹோட்டல் ரிசப்ஷன் வேலை கனவு. அதனால் எம்.ஏ.வில் படித்த ஷேக்ஸ்பியரை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சுடுதண்ணி வரவில்லை என்று கத்துகிற கெஸ்ட்டிடம் என்ன பேசுவது என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

சம்பளம் பீரியடு கணக்கு. வகுப்பு நடந்தால் காசு, நடக்காவிட்டால் இல்லை. கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019 ஜனவரியில் சொன்னது, அந்தத் தொகையெல்லாம் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் எங்கள் நீலகிரியில் இருக்கிற அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். அந்த மாதம் என் கைக்கு வந்த தொகையை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா பச்சைத் தேயிலை பறித்தவர், மழையிலும் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு போவார், பறித்த எடைக்குக் காசு உண்டு. அவர் படிக்க வைத்த மகளுக்கு மழை என்றால் அதுவும் கிடையாது!

பேப்பர் திருத்துவதற்கும் தனியாகக் காசு இல்லை, அதைப் பெரும்பாலும் பஸ்ஸில்தான் முடிக்கிறேன். 2024இல் பெண்களுக்கான இலவச பஸ் திட்டம், விடியல் பயணம், மலைக்கும் வந்ததிலிருந்து டிக்கெட் காசாவது மிச்சம். கேத்தி தாண்டி வளைவுகளில் நான் போட்ட டிக்கெல்லாம் கோணல் மாணலாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

போன மாதம் 'திங்க்' என்ற சொல்லுக்கு உச்சரிப்புப் பயிற்சி. நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவே வைத்து மெதுவாகக் காற்றை விடணும் என்று செய்து காட்டினேன். ஒருத்தன் 'டிங்க்' என்றான், ஒருத்தி 'சிங்க்' என்றாள், பின்வரிசையில் ஒருவன் எதிரில் இருந்தவன் மேல் எச்சிலே தெறிக்கவிட்டான். மந்து என்கிற தோடர் குடியிருப்பிலிருந்து வருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அதிகம் பேசமாட்டாள், அவள் முறை வந்ததும் அலட்டிக்கொள்ளாமல் சுத்தமாகச் சொன்னாள். 'ஃபேன்' சொல்லச் சொன்னேன், அதுவும் அப்படியே வந்தது. எங்கே கத்துக்கிட்டே என்றால், "எங்க பாஷையிலயே இருக்கு மேம்" என்றாள். 'திங்க்'கில் வருகிற இந்தக் காற்றுச் சத்தம் நம் ஊர்க்காரர்களுக்கு வராது என்று எனக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுமார் இரண்டாயிரம் பேர் இருக்கிற ஒரு சமூகத்துக்கு அது தாய்மொழியிலேயே இருக்கிறது, பத்து வருஷமாக ஊட்டிக்கு வந்துபோகிற எனக்கு இது தெரியவில்லை. அப்புறம் அவள் மொழியில் இன்னொரு சத்தம் சொல்லிக் காட்டினாள், 'ல' மாதிரி, ஆனால் குரலே இல்லாமல் பக்கவாட்டில் காற்று மட்டும் வருகிறது. ஏழெட்டுத் தடவை முயற்சி செய்தேன். "மேம், அடுத்த வாரம் உங்களுக்கு டெஸ்ட்" என்றாள். வகுப்பே சிரித்தது.

சரி, இன்றைக்கு லீவு. கரண்டும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கிறேன். அந்தச் சுடுதண்ணிக் கேள்விக்கு ஒரு பையன் எழுதியிருக்கிறான்: "சாரி சார், ஃபைவ் மினிட்ஸ், ஐ வில் பாயில் யூ." சாரி சொன்னதற்கு இரண்டு மார்க் போட்டிருக்கிறேன்.