பின்பக்கத் தாழ்நிலமும் ஒரு தகவல் விண்ணப்பமும்

பக்கத்துச் சதுப்பில் டிப்பர் டிப்பராக மண் கொட்டினால் யாரிடம் போய்க் கேட்பது? இதற்கு விடை தேடியே எனக்கு 2024 போய்விட்டது. அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

களனி ஆற்றுக்குத் தெற்கே, கொழும்பு மாநகர எல்லை முடிந்த கையோடு தொடங்கும் ஓர் உள்ளூராட்சி சபைப் பகுதியில் இருக்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். வெள்ளவத்தையில் வாடகை கட்டி மாளாமல் வந்தவர்கள்தான் ஒழுங்கையில் பாதிப் பேர். மாநகர சனத்தொகை 1981 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5 இலட்சத்து 87 ஆயிரம், 2012இல் 5 இலட்சத்து 61 ஆயிரம். கொழும்பு வளரவில்லை என்று அர்த்தமில்லை. வளர்ந்ததெல்லாம் எல்லைக்கு வெளியே. 2016 மே வெள்ளத்தில் எங்கள் வீட்டில் சன்னல் வரை தண்ணீர். அது வடிவதற்கென்று மிஞ்சியிருந்தது பின்னாலிருந்த கோரைப்புல் நிலம் மட்டும்தான். அதைத்தான் துண்டு போட்டு விற்பதற்காக நிரப்பத் தொடங்கினார்கள்.

கிராம உத்தியோகத்தர் சபைக்குப் போகச் சொன்னார். சபையில், “வயல் என்றால் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்” என்றார்கள். அங்கே, “அது வயல் இல்லை, சதுப்பு” என்றார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது. ஆனால் சட்டமே அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். தாழ்நிலச் சதுப்பு என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். காணியைத் துண்டு போடுவதும் வீடு கட்டுவதும் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின் கீழ், உள்ளூராட்சி சபை ஊடாக.

இன்னொன்றும் இருக்கிறது. நிரப்பும் ஈரநிலம் 4 ஹெக்டயருக்கு மேல் என்றால்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அது கிட்டத்தட்டப் பத்து ஏக்கர். பத்துப் பன்னிரண்டு பேர்ச்சாக (160 பேர்ச் ஓர் ஏக்கர்) நிரப்புகிறவரை அந்த விதி எட்டவே எட்டாது. 2018இல் கொழும்புக்கு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் இந்தச் சதுப்பு வேண்டாம் என்று யாரும் ஒருநாளும் முடிவெடுப்பதில்லை; துண்டு துண்டாக நிரப்ப விடுவார்கள், அல்லது காணாதது போல் இருப்பார்கள். என் கணக்கில் சதுப்புகள் போகும் வழி இதுதான். (2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்கே வெள்ளம் வந்தது. அதன் பிறகும் இப்படி.)

ஒழுங்கையில் கையெழுத்து வாங்கலாம் என்று போனேன். பக்கத்து வீட்டு நானா சிரித்தார். “தம்பி, பேரைப் போட்டுக் கடிதம் குடுத்தா நாளைக்கு எங்கட மதிலத்தான் அளக்க வருவாங்க.” பொய்யில்லை. வடிகானுக்கு விட வேண்டிய ஒதுக்கத்தை நெருக்காத மதில் இங்கே குறைவு. எங்கள் வீடுகளும் ஒருகாலத்தில் நிரப்பிய நிலத்தில்தான் நிற்கின்றன. சரி, தனியாகவே போடுவோம் என்று தகவலறியும் உரிமைச் சட்டத்துக்கு வந்தேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். “ஏன் அனுமதித்தீர்கள்” என்று கேட்காதீர்கள். அதற்கு வருகிற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடதாசியைக் கேளுங்கள். சபையிடம் நான் கேட்டது காணிப் பிரிப்புப் படம், அனுமதிக் கடிதம், கோப்பில் உள்ள மற்ற நிறுவனங்களின் கடிதங்கள், எல்லாவற்றுக்கும் பிரதி. நில அளவைப் பட இலக்கம் இல்லாவிட்டால் கோப்பைத் தேட முடியாது என்பார்கள். விற்பனைப் பலகையில் இருந்த எண்ணுக்கு வாங்குகிறவர் போலப் பேசினேன். அளவைப் படம் வட்ஸ்அப்பில் வந்துவிட்டது, இலக்கம், திகதி எல்லாவற்றோடும்.

அப்போது சபையில் உறுப்பினர்களே இல்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மேயில்தான் தேர்தல் வந்தது. உறுப்பினர் என்றால் மண் கொட்டுகிறவருக்கும் வேண்டியவராக இருப்பார், அது வேறு. ஆனாலும் வோட்டுப் பயம் கொஞ்சம் இருக்கும்.

தவணைக்குள் பதில் இல்லை. அந்தக் காரணத்துக்கே மேன்முறையீடு செய்யலாம்; பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினேன். அப்புறம் தகவல் அலுவலரே மரியாதையாகத் தொலைபேசி எடுத்தார். பிரதிகள் வந்தன. பிரிப்புக்கு அனுமதி உண்டு, நிபந்தனையோடு: வாய்க்காலுக்கு ஒதுக்கம் விட வேண்டும், தாழ்வான பின் துண்டுகளுக்குக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் இணக்கக் கடிதம் வேண்டும். கோப்பில் அந்தக் கடிதம் இல்லை. கூட்டுத்தாபனத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டேன். அந்தப் பட இலக்கத்துக்குக் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை என்று பதில் வந்தது.

இரண்டு பதில்களையும் இணைத்துச் சபைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. நிபந்தனை நிறைவேறியதா என்று மட்டும் கேட்டேன். டிப்பர் வருவது நின்றது. தெருப்பக்கத் துண்டுகளில் வீடு எழும்பிவிட்டது. அதை யாரும் இடிக்கப் போவதில்லை. பின்பக்கம் கொட்டிய மண் அப்படியே கிடக்கிறது. அதை அள்ளச் சொல்லி உத்தரவு போட வேண்டியது யார் என்று இப்போது இன்னொரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மேன்முறையீட்டிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். புதிய உறுப்பினரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருடைய ஆட்களில் ஒருவருக்கும் அங்கே ஒரு துண்டு இருக்கிறதாம், நானா சொல்கிறார்.