தவணைத் தேதிகள்: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

ஜனவரி 3, 2026, சனி

புது வருடத்தில் முதல் வேலையாகக் கடன் அறிக்கையை, அதாவது நாம் வாங்கிய கடனும் கட்டிய விதமும் பதிந்திருக்கும் தாளை, எடுத்துப் பாருங்கள். அதைத் தருவது சிபில் நிறுவனம் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்க ஒரு கண் இருக்கும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஒரே வாரத்தில் நாலு இடத்தில் கடனுக்கு விண்ணப்பித்தால்தான் குறையும்.

எல்லோருடைய கண்ணும் முதலில் 300-க்கும் 900-க்கும் நடுவில் உள்ள அந்த எண்ணுக்குத்தான் போகும். அதற்கு முன்னால் பெயரைப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறை மாதிரி, தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லையில் இருப்பவர்களுக்குப் பெயரிலேயே வம்பு தொடங்கிவிடுகிறது. கேரளப் பள்ளிச் சான்றிதழில் 'செல்வராஜ் எம்'. பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்து 'செல்வராஜ் முருகன்'. பொள்ளாச்சி வங்கிக் கணக்கில் 'எம் செல்வராஜ்'. முகவரியும் ஒன்றில் பாலக்காடு மாவட்டம், இன்னொன்றில் கோவை மாவட்டம். இதனால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு உண்டாகலாம், அல்லது வேறு ஊர் செல்வராஜின் டிராக்டர் கடன் இவர் கணக்கில் வந்து உட்காரலாம்.

தவறு இருந்தால் அறிக்கையின் மேலே உள்ள கட்டுப்பாட்டு எண்ணைக் குறிப்பிட்டு அதே இணையதளத்தில் புகார் பதியுங்கள். கடன் கொடுத்த வங்கிக்கும் ஒரு கடிதம் போகட்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பதிந்த தேதியைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் கையில் இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

ஜனவரி 6, செவ்வாய்

கோவை மில்லுக்கும் பட்டறைக்கும் போகிறவர்களுக்குச் சம்பளம் 7-ந் தேதியோ 10-ந் தேதியோ வரும். வண்டிக் கடனின் தவணையோ 5-ந் தேதி. கடன் போடும்போது விற்பனைப் பையன் நிரப்பிக் கொடுத்த தேதி அது, யாரும் கேட்டதில்லை. கணக்கில் பணம் இல்லாமல் மாதாமாதம் தவணை திரும்பும். கடன் நிறுவனம் ஒரு கட்டணம் போடும், நம் வங்கி தன் பங்குக்கு ஒன்று போடும், இரண்டுக்கும் மேல் 18% ஜிஎஸ்டி.

'நாலு நாள் தாமதம்தானே' என்ற சமாதானம் முன்பு கொஞ்சம் செல்லுபடியானது. அப்போது வங்கிகள் மாதம் ஒரு முறைதான் கடன் விவரம் அனுப்பின. 2025 ஜனவரியிலிருந்து 15-ந் தேதி நிலவரம், மாதக் கடைசி நிலவரம் என்று இரண்டு முறை போகிறது. அறிக்கையில் மாதவாரியான கட்டத்தில் 000 இருந்தால் பாக்கி இல்லை. வேறு எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். புதிதாகக் கடன் கேட்கும்போது மேலாளர் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

வழி எளிது. கடன் பத்திரத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பே தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு மூன்று நாள் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஓடும் கடன் என்றால் எழுதிக் கொடுத்துக் கேட்கவேண்டும். தானாகப் பிடிக்கும் ஒப்புதலைப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்வார்கள். பணம் கணக்கில் முந்தின நாள் இரவே இருக்கட்டும். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்பவர்களுக்குத்தான் அதிகம் திரும்புகிறது.

ஜனவரி 10, சனி

கிரெடிட் கார்டு பில்லில் இரண்டு தொகை இருக்கும், மொத்த பாக்கி, குறைந்தபட்ச பாக்கி. சின்னதைக் கட்டினால் போதும் என்று நினைப்பதில்தான் காசு போகிறது.

ரூ.40,000 பாக்கி என்று வையுங்கள். குறைந்தபட்சம் 5%, அதாவது ரூ.2,000 கட்டியாகிவிட்டது. மாத வட்டி 3.5% என்றால் ரூ.1,400. வட்டிக்கு 18% ஜிஎஸ்டி ரூ.252. கட்டிய இரண்டாயிரத்தில் அசலில் கழிவது வெறும் ரூ.348. பாக்கி இருக்கிற வரைக்கும் வட்டியில்லா நாள் என்ற சலுகையும் கிடையாது. இன்று வாங்கும் மளிகைக்கும் இன்றிலிருந்தே வட்டி. குறைந்தபட்சம் கட்டினால் தாமதக் கட்டணமும் கெட்ட பெயரும் தப்பும், அவ்வளவே.

கடைசித் தேதிக்குப் பிறகு மூன்று நாள் கடந்தால்தான் 'தவணை தவறியது' என்று பதிவதும் தாமதக் கட்டணம் போடுவதும் செல்லும். அதற்காக அந்த மூன்று நாளை நம்பி இருக்கவேண்டாம். கட்டணம் வராவிட்டாலும் வட்டி முதல் தேதியிலிருந்தே ஓடியிருக்கும்.

கார்டில் ஏடிஎம் பணம் எடுப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எடுக்காதீர்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களுக்குக் கேரளத்திலும் இன்று விடுமுறை. தவணைக்கு விடுமுறை இல்லை. 2021 ஆகஸ்ட் 1 முதல் தானியங்கித் தவணைப் பிடித்தம் ஞாயிறு, பண்டிகை எல்லா நாளும் நடக்கிறது. கிளை பூட்டியிருக்கிறது என்று கரும்புக்கும் பானைக்கும் கணக்கைத் துடைத்து எடுத்தவர்களுக்கு மாலையில் குறுஞ்செய்தி வரும்.

ஜனவரி 18, ஞாயிறு

நகைக்கடன். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு அடகுச் சீட்டாவது இருக்கும். ஊரில் தெரியக்கூடாது என்று கோபாலபுரத்துக்காரர் கொழிஞ்சாம்பாறையில் வைப்பார், வேலந்தாவளத்துக்காரர் தமிழ்நாட்டுப் பக்கம் போய் வைப்பார். முகவரி பழையது, கைபேசி எண் மாறிவிட்டது, ஏல அறிவிப்பு போய்ச் சேராது. சீட்டு வாங்கியவுடன் அதில் இருக்கும் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பிறகு மொத்த எடை, கல் கழிவு, நிகர எடை, தரம் நான்கும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எடை போடும்போது நகையின் சொந்தக்காரர் எதிரில் இருக்கவேண்டும்.

பெரிய சேதம் 'மாற்றி வைப்பதில்'. இரண்டு லட்சம் ரூபாய், 12% வட்டி, வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகை. கட்ட முடியாமல் வட்டியையும் அசலில் சேர்த்துப் புதுச் சீட்டு போட்டால் ரூ.2,24,000. அடுத்த வருடம் ரூ.2,50,880. மூன்றாவது வருடம் ஏறக்குறைய ரூ.2,81,000. தங்கம் விலை ஏறிக்கொண்டே இருந்தால் இது கண்ணுக்குத் தெரியாது, கடையும் 'இன்னும் கூடத் தரலாமே' என்று சிரித்துக்கொண்டே சொல்லும். விலை இறங்கும் வருடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். இன்னொன்று, விளம்பரத்தில் போட்டிருக்கும் குறைந்த வட்டி சில திட்டங்களில் மாதாமாதம் வட்டி கட்டுகிறவருக்கு மட்டும். தவறினால் படிப்படியாக ஏறும். எத்தனை நாள் தவறினால் எவ்வளவு என்ற அட்டவணையைச் சீட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் போட்ட புது விதிகளை 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் பின்பற்றவேண்டும். கடன் ரூ.2.5 லட்சம் வரை என்றால் அதிகபட்சம் நகை மதிப்பில் 85%, ரூ.5 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனில் இந்த உச்சவரம்புக்குள் வட்டியும் அடங்கவேண்டும். ஒரு லட்சம் மதிப்புள்ள நகைக்கு 12% வட்டியில் கையில் கிடைப்பது ரூ.85,000 அல்ல, சுமார் ரூ.75,890. அது 12% ஏறி 85,000-ஐத் தொடும். இந்த வகைக் கடனைப் புதுப்பிக்க, அதுவரை ஏறிய வட்டியைக் கட்டியாகவேண்டும். மாற்றி வைத்தே காலம் தள்ளுகிறவர்கள் வட்டிக் காசை இப்போதே ஒதுக்கத் தொடங்கவேண்டும்.

கடனை அடைத்த பிறகு நகை வர ஏழு வேலைநாளுக்கு மேல் ஆனால், தாமதம் கடன் கொடுத்தவர் தரப்பில் இருந்தால், நாளுக்கு ரூ.5,000. ஏலம் போனால், கடனுக்கு மேல் கிடைத்த மீதியையும் ஏழு வேலைநாளில் திருப்பித் தரவேண்டும். அந்த மீதியைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. நகை போன வருத்தத்தில் கணக்கு கேட்க யாரும் திரும்பப் போவதில்லை.

ஜனவரி 22, வியாழன்

குறி என்று இந்தப் பக்கம், ஏலச்சீட்டு என்று அந்தப் பக்கம். ஒரு லட்சம் குறி, 20 பேர், மாதம் ரூ.5,000. மூன்றாவது மாதம் ஒருவர் ஏலத்தில் ரூ.30,000 தள்ளி எடுக்கிறார். கையில் ரூ.70,000. அந்த முப்பதாயிரத்தில் நடத்துகிறவர் கமிஷன் ரூ.5,000 போக மீதி 25,000 இருபது பேருக்கும் தலா ரூ.1,250. எடுத்தவர் இன்னும் 17 மாதம் கட்டவேண்டும்.

தவறு எங்கே நடக்கிறது? ஏலம் கேட்ட மறுநாளே பணம் வரும் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கோ ஃபீஸுக்கோ நாள் குறித்துவிடுகிறார்கள். ஜாமீன் தராமல் பணம் வராது. சம்பளச் சான்றிதழ் தரும் ஆளைத் தேடுவதிலேயே ஒரு மாதம் போகும், அந்த மாதத் தவணையும் கட்டவேண்டும். ஜாமீன்காரரை முதலில் பேசி வைத்துவிட்டுத்தான் ஏலத்தில் வாய் திறக்கவேண்டும். எடுத்தவர் தவணை தவறினால் வருங்காலத் தவணை முழுவதையும் ஒன்றாகக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட்ஸ் சட்டம் கேரளத்தில் 2012-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஜம்முவிலும் ஃபரிதாபாத்திலும் பதிந்துவிட்டு இங்கே குறி நடத்திய காலம் இருந்தது. அதனால் பாஸ்புக்கில் பதிவு எண்ணும், எந்த ஊர்ப் பதிவாளர் என்பதும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நல்லது. கமிஷன் 7%-க்கு மேல் போகக்கூடாது. எண் இல்லாத குறியில் 'தெரிந்த ஆள்' என்பது மட்டுமே ஈடு.

ஜனவரி 25, ஞாயிறு

தண்டல் பற்றி ஒரு கணக்கு. பத்தாயிரம் என்று எழுதி ரூ.8,500 கையில் தருவார்கள், நாள் ஒன்றுக்கு ரூ.100, நூறு நாள். பேச்சில் 15%. அசல் தினம் குறைந்துகொண்டே வருவதால் வருட வட்டி 120% அளவுக்கு வரும். தமிழ்நாட்டில் 2003 சட்டம் தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. கேரளத்திலும் அதிக வட்டிக்கு எதிராக 2012-ல் ஒரு சட்டம் வந்தது.

வெறும் காசோலையில் கையெழுத்து போட்டுக் கொடுப்பது இதைவிட மோசம். வேறு கை நிரப்பினாலும் அது கையெழுத்து போட்டவரைக் கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பெறுபவர் பெயரை நீங்களே எழுதி, குறுக்குக் கோடு போட்டு, காசோலை எண்ணைக் குறித்து 'கடனுக்கு ஈடாக' என்று எழுதிய ரசீது வாங்குங்கள். காசோலை திரும்பி நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட, கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். நோட்டீஸை வாங்காமல் தபால்காரரைத் திருப்பி அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை.

மச்சானுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு: அவர் கட்டாவிட்டால் முழுத் தொகைக்கும் நீங்களும் பொறுப்பு. அவரை விட்டுவிட்டு நேராக உங்களிடம் வரவும் வங்கிக்கு உரிமை உண்டு. உங்கள் அறிக்கையிலும் அந்தக் கடன் தெரியும்.

ஜனவரி 31, சனி

பழைய கடனைப் பேசி முடிப்பது. 60 ஆயிரம் பாக்கிக்கு 25 ஆயிரம் கட்டினால் போதும் என்று போனில் ஒருவர் சொல்வார். கட்டியபின் அறிக்கையில் 'செட்டில்டு' என்று வரும். அது முழுசாக அடைத்ததைச் சொல்லும் 'க்ளோஸ்டு' அல்ல. அடுத்து வீட்டுக் கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல்லே தடையாக நிற்கும். பின்னால் கடன் தேவைப்படும் என்று தெரிந்தால் மீதியையும் கட்டி 'க்ளோஸ்டு' ஆக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

எதுவானாலும் முதலில் கடிதம், பிறகு பணம். கடிதத்தில் கடன் கணக்கு எண், தொகை, கடைசித் தேதி மூன்றும் இருக்கவேண்டும். பணம் கடன் கணக்குக்கே போகட்டும், வசூல் பையனின் யுபிஐக்கு வேண்டாம். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக்கூடாது. வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். விவரம் கேட்க 14448.

அடைத்துவிட்டோம் என்று அத்தோடு விட்டுவிடும் வேலை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, தானாகப் பிடிக்கும் ஒப்புதலை வங்கியில் ரத்து செய்வது. இரண்டாவது வண்டி. தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கவேண்டும். கேஎல் 70 வண்டி என்றால் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வாகன அலுவலகம், டிஎன் 41 என்றால் பொள்ளாச்சி. வீடு எந்தப் பக்கம் என்பது கணக்கில் வராது. சான்று மூன்று மாதம்தான் செல்லும். தவறவிட்டால் மறுபடி கடன் நிறுவனத்திடம் போகவேண்டும், அதற்குள் அந்தக் கிளையே வேறு ஊருக்குப் போயிருக்கும்.