205 ஜிடிஐ: பின் பீம் ஒருவழியாக விடுபட்டது

பின் சஸ்பென்ஷன் முழுவதையும் தாங்கும் பீமில் டார்ஷன் பார்கள் (முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பிகள்) இன்னும் போடவில்லை. ஆனால் ட்ரெயிலிங் ஆர்மை, அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கையை, ஒரு விரலால் தூக்கி விட்டால், எந்த இடத்திலும் தயங்காமல் தன் எடையிலேயே இறங்குகிறது. கழற்றிய அன்று இதே ஆர்மை அசைக்க ஒரு மீட்டர் குழாயை மாட்டி நெம்ப வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் சத்தமில்லை, ஆட்டமில்லை. இந்த வண்டியில் இதுவரை முடிந்த வேலைகளில் இதுதான் பெரிது என்பதால் விரிவாக எழுதி வைக்கிறேன்.

வண்டி பியூஜோ 205 ஜிடிஐ, 1.9. 1984-ல் 1.6 இன்ஜினும் 105 குதிரைத்திறனுமாக வந்த மாடலுக்கு, 1986 கடைசியில் 130 குதிரைத்திறனோடு வந்த அண்ணன். இரண்டு இன்ஜினுக்கும் போர் (சிலிண்டர் விட்டம்) 83 மி.மீ.தான், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) மட்டும் 73-லிருந்து 88 ஆகி, 1580 சி.சி. 1905 ஆனது. 1.6 சுழலச் சுழலத்தான் உயிர் பெறும், 1.9 கீழிருந்தே இழுக்கும். எது சிறந்தது என்ற சண்டை ஓயாது. எந்த இன்ஜினாக இருந்தாலும் இந்த வண்டியின் குணம் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2420 மி.மீ. வீல்பேஸ், 900 கிலோவுக்குக் குறைந்த எடை. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுற்றி வரும், உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

இதை வைத்தே "ஆபத்தான வண்டி" என்ற பெயர் 205-க்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பழியில் பாதியாவது பீமில் காய்ந்துபோன பேரிங்குகளைச் சேர வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம். நல்ல பீம் உள்ள 205 முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சறுக்கும். இறுகிய பீம் உள்ள 205 சொல்லாமல் சறுக்கும். சஸ்பென்ஷன் வேலை செய்யாமல் டயர் மட்டும் வேலை செய்தால் வேறென்ன நடக்கும்?

அமைப்பு தெரிந்ததுதான்: குறுக்கே ஒரு குழாய், அதன் இரு முனையிலும் இரண்டிரண்டு ஊசி ரோலர் பேரிங், ஆர்மோடு அழுத்திப் பொருத்திய ஷாஃப்ட் அதற்குள் சுழலும். குழாய்க்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு டார்ஷன் பார், குழாய்க்குள் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டிரோல் பார். ஷாக் அப்சார்பர்கள் கிட்டத்தட்ட படுத்த நிலையில் பீமிலேயே இருப்பதால் மொத்தமும் ஒரே துண்டாக இறங்கிவிடும். டிக்கி தரை தட்டையாக இருப்பதும் அதனால்தான். 1990-களில் இந்தியாவில் ஓடிய பியூஜோ 309-ஐக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம்.

இது ஏன் கெடுகிறது? ஆர்ம் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை, சில பாகைதான் ஆடுகிறது. ஊசிகள் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்வதால் அங்கிருந்து விலகிய கிரீஸ் திரும்பி வருவதில்லை. சீல் கெட்டு ஈரம் நுழைந்துவிட்டால், ஊசிகள் ஷாஃப்டில் ஒவ்வொன்றாகப் பள்ளம் பறிக்கும். சக்கரம் பேரிங்குகளுக்கு வெளியே நிற்பதால் தரை கொடுக்கும் உந்தல் ஷாஃப்டை நெம்புகோல்போல நெம்புகிறது. வெளிப் பேரிங்கில் ஷாஃப்டின் மேல்முகம் தேயும், உள் பேரிங்கில் கீழ்முகம். அதனால்தான் பின்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கும்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஜாக்கில் ஏற்றி சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் வீல் பேரிங்காகவும் இருக்கலாம். இன்னொருவரை ஆட்டச் சொல்லி, ஆர்மும் குழாயும் சேரும் இடத்தைப் பாருங்கள். ஆர்மும் சேர்ந்து அசைந்தால் பீம். அந்த இடுக்கில் செம்பழுப்புப் பொடி கசிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

இறக்கும் வேலையில் இரண்டு விஷயம். டிக்கிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் அதன் தொட்டிலையும் முதலில் எடுத்துவிட்டு, சைலன்ஸரின் பின்பகுதியை இறக்கினால்தான் இடம் கிடைக்கும். முன் மவுண்ட் போல்ட்கள் துருவில் உறைந்திருக்கும். பெட்ரோல் டேங்க் பீமுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது; பிளாஸ்டிக் டேங்க். அங்கே தீச்சுடர் கூடவே கூடாது. துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் காலையும் மாலையும் அடித்து, நீளக் கைப்பிடியில் கால் சுற்று திறந்து, திரும்ப இறுக்கி, மறுபடி திறந்து எடுத்ததில் ஒன்றும் உடையவில்லை. பிரேக் பைப் நட்டுகள் பைப்போடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அவற்றோடு மல்லுக்கட்டாமல் பைப்பை வெட்டிவிட்டு, ஆறுமுக சாக்கெட்டால் நட்டை எடுத்து, 4.75 மி.மீ. செம்பு-நிக்கல் பைப்பில் புதிதாகச் செய்வதே லாபம்.

இனி டார்ஷன் பார். இதற்கு மட்டும் இரண்டு முழு நாள் போனது.

பாரின் இரு முனையிலும் பல்வரிகள். ஒரு முனை ஆர்மிலும் மறு முனை எதிர்ப்பக்கப் பிராக்கெட்டிலும் உட்கார்ந்திருக்கும். பத்திருபது வருட ஈரத்தில் பல்லோடு பல் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். முனையில் உள்ள மரையில் ஸ்லைடு ஹாமரை (கம்பியில் வழுக்கும் எடையால் இழுத்து அடிக்கும் கருவி) மாட்டி இழுப்பதுதான் முறை. அதற்கு முன் செய்ய வேண்டிய மூன்றை விட்டால் மரைதான் பிய்ந்து வரும்.

முதலாவது, குறி. பார், ஆர்ம், பிராக்கெட் மூன்றிலும் ஒரே நேர்க்கோட்டில் வெள்ளைப் பெயின்ட் குறி, சென்டர் பஞ்ச் குறி இரண்டும் போடுங்கள். பெயின்ட் கழுவும்போது போய்விடும், பஞ்ச் போகாது. இடது வலது பார்களை மாற்றக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு திசை முறுக்கலுக்கென்றே பதப்படுத்தப்பட்டது.

இரண்டாவது, அளவு. சக்கரம் தொங்கும் நிலையில், சுமையே இல்லாமல், ஷாக் அப்சார்பரின் இரண்டு போல்ட் மையங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இருபக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். பேரிங் இறுகிப்போன ஆர்ம் பாதியிலேயே நின்றுவிடும், அந்த அளவு பொய் சொல்லும். ஆர்மைக் கீழே அழுத்தி விட்டபின் எடுத்த அளவையும், மேலே தூக்கி விட்டபின் எடுத்ததையும் கூட்டிப் பாதியாக்கியதில் இரண்டு பக்கமும் 2 மி.மீ.க்குள் ஒத்துவந்தது.

மூன்றாவது, தாங்கல். ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு, எழுதிய அளவில் இரண்டு துளை போட்ட பட்டை இரும்பை அதே இடத்தில் மாட்ட வேண்டும். ஆர்ம் அந்த அளவுக்குக் கீழே இறங்கினாலோ மேலே ஏறினாலோ பாரில் முறுக்கு ஏறி, பற்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் கவ்வும். அந்த நிலையில் எவ்வளவு இழுத்தாலும் வராது. முதல் நாள் முழுதும் வீணானது இதனால்தான். பட்டை துளையில் வழுக்கலாக நுழையும்வரை ஆர்மின் உயரத்தைச் சரிசெய்த பிறகு அரை மணி நேரத்தில் வலது பார் வந்தது. பீம் இறங்கி பெஞ்சுக்கு வந்துவிட்டதால் இந்தக் கட்டத்தில் ஆர்ம் கண்ணை, அதாவது அதன் துளையை, சுற்றி வெப்பம் கொடுக்கலாம். ஆனால் பாரைச் சூடாக்கக் கூடாது. அது ஸ்பிரிங், பதம் போனால் உயிர் போனதற்குச் சமம். சூடான ஹாட் ஏர் கன், நடுநடுவே எதிர்முனையில் பித்தளை உருளை வைத்து ஒரு தட்டு, பிறகு இழுப்பு என்று மாறிமாறிச் செய்ததில் இடதும் வந்தது.

ஆர்ம்கள் வெளியே வந்தபின் ஷாஃப்டைப் பார்த்தால் தீர்ப்பு தெரியும். நகத்தை ஓட்டினால் தட்டுகிற பள்ளம் இருந்தால் ஷாஃப்ட் மாற்றத்தான் வேண்டும். பழைய ஷாஃப்டிலேயே புதுப் பேரிங் போட்டு மூடுகிறவர்கள் உண்டு. ஊசிகள் பழைய பள்ளத்திலேயே விழும், கெட்டியான மேல்தோல் ஏற்கெனவே போயிருக்கும். மறுபடி எல்லாவற்றையும் இறக்கும் நாள் சீக்கிரம் வரும். இன்னும் தாமதித்த வண்டிகளில் பேரிங்கின் வெளிக்கூடே சுழன்று குழாயை அரித்திருக்கும். அப்போது பீமே கழிவு. இந்தக் குழாய் தப்பித்தது.

ஷாஃப்டை அழுத்தி எடுக்குமுன் அது ஆர்மிலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து வைக்க வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தாங்கல் கண்ணுக்கு ஒட்டியே இருக்கட்டும். தள்ளி வைத்தால் வார்ப்பு விரிசல் விடும். புது ஷாஃப்டை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, ஆர்மை ஓவனில் 150 டிகிரிக்குக் கொண்டுபோய் வைத்ததும் பாதி தூரம் கையாலேயே இறங்கிவிட்டது. மீதிக்குத்தான் பிரஸ்.

பேரிங்கில் உள்ளது கடினம். எதிர்முனையிலிருந்து நீளக் கம்பியை விட்டுத் தட்டினால் ஊசிகளும் கூண்டும் உதிர்ந்து, வெளிக்கூடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சிறிய கிரைண்டர் கல்லால் கூட்டில் ஒரு கோடு, முக்கால் ஆழம் மட்டும் அறுத்து, உளியால் உள்பக்கம் மடக்கினால் கழன்று வரும். முழு ஆழம் அறுத்தால் குழாயில் கீறல் விழும். பழைய பேரிங் எவ்வளவு உள்ளே இருந்தது என்பதை எடுக்குமுன் அளந்திருந்தால்தான் புதியதைச் சரியான ஆழத்தில் வைக்க முடியும். எழுத்துப் பொறித்த முகம் அடிக்கும் கருவியின் பக்கம் இருக்க வேண்டும், அந்தப் பக்கத்து விளிம்புதான் கெட்டியானது. படிக்கட்டு வடிவில் ஒரு கருவி கடைந்து வாங்கியது நல்ல செலவு: உள்ளே நுழையும் பகுதி ஷாஃப்ட் விட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக, தோள் பேரிங் கூட்டின் விளிம்பில் உட்காரும்படி.

பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பவுடர் கோட்டிங் எல்லாம் பேரிங் போடும் முன்பே முடிய வேண்டும். ஓவன் சூட்டில் சீல் பொசுங்கும், கிரீஸ் ஓடும். மணல் அடிக்கக் கொடுத்தால் குழாய் முனைகளை மரக்கட்டையால் அடைத்துக் கொடுங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் பவுடர் படிந்தாலும் சுரண்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

கிரீஸ் நிப்பிள் (வெளியிலிருந்து கிரீஸ் அழுத்தும் முனை) போடலாமா என்பது பழைய விவாதம். போடலாம் என்பது என் கட்சி. இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில், குழாயின் பின்முகத்தில், 5 மி.மீ. துளை, எம்6 மரை. துளை போடுவது பேரிங் ஏறுவதற்கு முன். உள்விளிம்புப் பிசிறை விரலால் தடவி இல்லையென்று உறுதிசெய்த பிறகே பேரிங். நிப்பிள் இருக்கிறதே என்று முதல் கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம். ஊசிகளுக்கு இடையே கையால் திணித்து, ஷாஃப்டிலும் பூசி, இடைவெளியையும் நிரப்பித்தான் மூட வேண்டும். பின்னாளில் இரண்டு மூன்று அழுத்து போதும், மேலே போனால் சீல் பிதுங்கும்.

உதிரிப்பாகம் வாங்குவோருக்கு: ரிப்பேர் கிட் என்று வருவதெல்லாம் ஒன்றல்ல. பேரிங்கில் தயாரிப்பாளர் முத்திரை இல்லையென்றால் தொடவே வேண்டாம். புது ஷாஃப்டின் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில், பேரிங் ஓடாத இடத்தில், நல்ல அரத்தை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கெட்டி. கடித்தால் திருப்பி அனுப்புங்கள். வந்த முதல் ஜோடியை அரம் கடித்தது, இரண்டாவது வழுக்கியது. முழு பீமை எக்ஸ்சேஞ்சில் மாற்றுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. நல்ல குழாயைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு அரித்ததென்று தெரியாத குழாயை வாங்குவானேன்?

அடுத்து இன்ஜின். ஐட்லிங் ஏறி இறங்குகிறது. எல்இ2 ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷனில் காற்று அளவி வழியாக வராத காற்று எங்கிருந்து நுழைந்தாலும் இதே நோய்தான். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் இன்ஜின் திணற வேண்டும். திறந்தும் மாற்றமே இல்லையென்றால் வேறெங்கோ ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது. இதில் மாற்றமே இல்லை. ரப்பர் காற்றுக் குழாயின் மடிப்புகளையும் டிப்ஸ்டிக் சீலையும்தான் முதலில் பார்க்கப்போகிறேன். ஹெட்டைத் திறக்க நேர்ந்தால் லைனர் கிளாம்ப்கள் தயாராக இருக்கின்றன. அலுமினிய பிளாக், ஈர லைனர் (கூலன்ட் சூழ்ந்து நிற்கும் தனி சிலிண்டர் உருளை). கிளாம்ப் இல்லாமல் கிராங்கைக் கொஞ்சம் திருப்பினாலும் லைனர் எழும்பி அடிச்சீல் போய்விடும். தடித்த வாஷர், குழாய்த் துண்டு, ஹெட் போல்ட் துளைக்கேற்ற போல்ட் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். பம்பரின் வெளுத்த பிளாஸ்டிக்கும் காத்திருக்கிறது. சிவப்புப் பட்டையை எடுத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும்.

பீமுக்கே திரும்புகிறேன், உயரம் வைப்பது பாக்கி. பாரின் இரு முனையிலும் பற்களின் எண்ணிக்கை வேறு வேறு. அதனால் ஒரு முனையில் ஒரு பல் முன்னே, மறு முனையில் ஒரு பல் பின்னே என்று திருப்பித் திருப்பி, மிக நுண்ணிய கோணம்வரை பிடிக்க முடியும். பட்டை இரும்பு மாட்டிய நிலையில் பாரை ஒவ்வொரு பல்லாகச் சுற்றி, இரு முனையும் கை அழுத்தத்திலேயே ஒரு சென்டிமீட்டர் நுழையும் இடத்தைத் தேட வேண்டும். அதற்கு முன் சுத்தியல் தொடக் கூடாது. பல் மழுங்கினால் பாரும் போச்சு, ஆர்மும் போச்சு. பற்களில் செப்புப் பசை பூசியாயிற்று.

ஷாக் மையத் தூரத்தில் சில மி.மீ. மாறினால் தரையிலிருந்து உயரம் அதைவிட அதிகமாக மாறும், சக்கரம் ஆர்மின் நீள முனையில் இருப்பதால். அதனால் பழைய அளவிலேயே வைக்கிறேன், தாழ்த்தும் எண்ணம் இல்லை. மவுண்ட் போல்ட்களைக் கடைசி இறுக்கு இறுக்குவது வண்டி நான்கு சக்கரத்தில் நின்றபின். 200 கி.மீ. ஓடி பார்கள் அமர்ந்ததும், சக்கர மையத்திலிருந்து மேலே பாடியின் வளைவு விளிம்புவரை இருபக்கமும் அளக்க வேண்டும், 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் உயர்ந்த பக்கத்துப் பாரை மட்டும் மறுபடி எடுத்து ஒரு படி மாற்றுவேன்.